சாரல் சத்தம்தான், ஓட்டுங்க!

பிரேக் வேலை பார்க்கிறவன் பிழைப்பு இப்படித்தான்: வண்டி ஓடவில்லை என்றால் ஜனங்கள் அரை மணி நேரத்தில் வந்து நிற்பார்கள், வண்டி நிற்கவில்லை என்றால் மட்டும் "அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்" என்பார்கள்.

தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசையில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது எனக்கு. உங்கள் கார் என்றைக்காவது கீச்சென்று கத்தி, அதை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டி, அவன் "ஒண்ணும் இல்ல, போங்க" என்று அனுப்பி, நீங்கள் பாதி நிம்மதியும் பாதி பயமுமாக வீடு திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். உங்களை அனுப்பிவைத்த அந்த மெக்கானிக்கும் நம்ம ஆள்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிற மாதிரி நாலு சம்பவம் முதலில் வரும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சிரிப்பதற்காக இல்லை. இலத்தூரில் ஒரு டீச்சர் வலது கையில் கம்பியும் பிளேட்டும் வைத்து வீட்டில் இருக்கிறார். அந்தக் கை ஒடிந்ததில் எனக்குப் பங்கு உண்டு. நேரில் போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கிளம்புவதும், பாதி வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதுமாக மூன்று வாரம் கடத்தினேன். அந்தக் கதைக்கு வர எனக்கே கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கால்

குற்றாலத்தில் சீசன் நேரம். அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சிவகாசிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து இறங்கினார். பிரேக்கை மிதித்தால் வழுக்குகிறதாம். வண்டிக்குள் தலையை நீட்டினேன். மூலிகை எண்ணெய் வாசம் ஆளைத் தூக்கியது. பெடல் ரப்பர் எண்ணெயில் பளபளத்தது. விஷயம் இதுதான்: மனுஷன் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போயிருக்கிறார். போலீஸ் விசில் அடித்து விரட்டிவிட்டது. குளிக்க வழியில்லாமல் எண்ணெயும் பிசுக்குமாக அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார்.

சோப்புத்தூள் போட்டுப் பெடலைக் கழுவினேன். அதற்குள் இசக்கி ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். இசக்கி என்னிடம் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவன். முப்பத்தெட்டு வயது, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், வாயில் ஈ புகுந்தாலும் பேசமாட்டான். யாரும் சொல்லாமலே சக்கரத்தைக் கழற்றுகிற பழக்கம் கொஞ்ச வருஷமாக அவனைப் பிடித்திருந்தது. "கை சும்மா இருக்காதாலே ஒனக்கு?" என்று நானும் திட்டிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அவன் கழற்றியது நல்லதாகப் போயிற்று. சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பேடு புதுசில் பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கும், மூன்றுக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். இவருடையது ரெண்டுகூட இல்லை. மாற்றிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சாத குறை. அவரோ காலைத் துண்டால் துடைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"கோளாறு என் காலுலதான்னு நீங்களே சொல்லிட்டீக. பெறகு எதுக்கு அண்ணாச்சி வண்டியைக் கொறை சொல்றீக?"

மூட்டுவலி வைத்தியம்

மறுபடியும் எண்ணெய்தான். என்ன செய்ய, ஊர் அப்படி. முருகையா என்று ஒருவர், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். நாலு சீசன் உழைத்து ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கி ஆறு மாதத்தில் பிரேக் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்திருக்கிறது. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரேக் பேடில் ஒரு சின்னத் தகர நாக்கு வைத்திருப்பான். பேடு தேய்ந்து முடியப் போகிற சமயத்தில் அந்த நாக்கு சுழல்கிற டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். "என்னை மாத்து" என்பதுதான் அந்தக் கத்தலுக்கு அர்த்தம். முருகையா என்ன செய்தார்? சக்கர இடுக்கு வழியாகக் கையை விட்டு, டிஸ்க்கு முழுக்க எண்ணெயை நீவிவிட்டார். நாலு நாளைக்கு வாசம் போகாத எண்ணெய் வேறு. சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. கூடவே பிரேக்கும் நின்றுவிட்டது.

ஒரு லாட்ஜ் காம்பவுண்டுச் சுவர்தான் வண்டியை நிறுத்தியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. சுவர்க்காரர்தான் விடவில்லை. டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது, பட்டால் பேடு பிடிக்கவே பிடிக்காது, இது தெரியாமல் எவனாவது வண்டி வைத்திருப்பானா என்று கத்தித் தீர்த்தேன். எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. முருகையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

"மனுசனுக்கு முட்டி கத்துச்சுன்னா எண்ணெய்தான அண்ணாச்சி போடுதோம்? இதுவும் முட்டி மாதிரிதான் மடங்கி மடங்கி நிக்கி, எனக்கு எப்படித் தெரியும்?"

சுபேதாரின் டார்ச் லைட்

பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் நமக்கு வாடிக்கை. மாதம் பிறந்தால் முதல் தேதி டார்ச் லைட்டோடு வண்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சக்கர இடுக்கு வழியாகப் பேடின் கனத்தைப் பார்த்து டைரியில் எழுதுவார். "ஆறு மில்லிமீட்டர் இருக்கு. இன்னும் ஒரு வருசத்துக்குக் கவலை இல்ல" என்று எனக்கே கணக்குச் சொல்வார். ஒரு நாள் வண்டி இடது பக்கமாக இழுக்கிறது என்று கொண்டுவந்தார். நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை, டயர் காற்றைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். டயருக்கென்று கழற்றின இசக்கி, சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

ஒரு சக்கரத்துக்குப் பேடு ரெண்டு: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. டார்ச் அடித்தால் தெரிவது வெளிப் பேடு மட்டும்தான். வெளிப் பேடை டிஸ்க் பக்கம் இழுத்து வருகிற கம்பி, நாங்கள் ஊசி என்போம், அது துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பக்கத்துப் பேடு ஒன்றே எல்லாப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் தேய்ந்து சாகும். சுபேதார் வண்டியில் வெளியே ஆறு, உள்ளே ஒன்றுகூட இல்லை. அந்த நிலைமையில் அது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே ஒரு நிமிஷம். அதற்குள் போன் வந்துவிட்டது.

"எதிரி உள்ளதாம்ல இருப்பான்னு முப்பது வருசம் பசங்களுக்குப் பாடம் எடுத்தவன் வே நானு!"

சாமிமார் வேன்

கார்த்திகை மாதம், மாலை போட்ட சாமிமார் வேன் ஒன்று மலைக்குப் போய்விட்டு வந்தது. புளியரை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று டிரைவர் நியூட்ரலில் விட்டு, கீழே இறங்குகிற வரைக்கும் பிரேக்கிலேயே காலை வைத்திருக்கிறார். செங்கோட்டை தாண்டி நம்ம கடைக்கு வருவதற்குள் முன் சக்கரத்திலிருந்து புகை. பேடு கருகிக் கரியாகிவிட்டது. வாசனை நாலு வீட்டுக்கு அடித்தது. வயர் கருகுகிற மாதிரி மூக்கைத் துளைக்கிற வாசனை அது. மலையிறக்கத்தில் அந்த வாசனை வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட வேண்டும், வேறு யோசனையே கூடாது. இத்தனை பேர் வண்டிக்குள் இருந்தீர்களே, ஒருத்தருக்குக்கூடவா மூக்கு இல்லை என்று கேட்டேன். முன் சீட்டில் இருந்த பெரிய சாமி பவ்யமாகப் பதில் சொன்னார்.

"கருகுன வாசம் வந்துச்சு சாமி. யாரோ கற்பூரம் ஏத்திருக்காவன்னு நாங்க எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம்."

மூணு மணிச் சாரல்

இனித் தப்பிக்க வழியில்லை. டீச்சருக்கு வருகிறேன்.

ஆடி மாதம். இசக்கி ஊரில் அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பத்து நாள் ஆள் கிடையாது. வாசலில் ஏழு வண்டி நிற்கிறது. கடுப்பில் இருந்தேன். அந்த நேரம் பார்த்து கோமதி டீச்சர் வந்தார். இலத்தூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தானே ஓட்டுவார். "பிரேக் மிதிக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம் வருது அண்ணாச்சி, ஒரு மாசமா இருக்கு" என்றார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் ஓட்டினேன். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் "இந்தா, இப்ப. கேக்குதுல்லா?" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுத்தமாக இல்லை.

எங்க ஊரில் இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. சீசனில் ராத்திரி பூரா சாரல் விழும். வெளியே நிற்கிற வண்டியின் டிஸ்க்கில் லேசாகத் துரு படியும். காலையில் முதல் நாலு மிதிக்குக் கத்தும், துரு உரசிப் போனதும் நின்றுவிடும். அதைச் சொல்லித்தான் பாதிப் பேரை அனுப்புவோம். டீச்சரிடமும், "சாரல் சத்தம்தான், ஓட்டுங்க" என்றேன். "மத்தியானம் மூணு மணிக்குமா சாரல் சத்தம் இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாதவனுக்குக் கோபம்தானே வரும்? "வண்டியில ஒண்ணும் இல்ல டீச்சர். வேணும்னா ஒங்க காதை ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிருங்க" என்றேன். காத்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கோபப்படவில்லை.

"விடை தப்புன்னா கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுதேன். எனக்கு நானே சொல்லிக்கிட வேண்டியதுதான். பாக்கேன் அண்ணாச்சி."

ரிப்போர்ட்

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நிஜமாகவே போய்க் காட்டிவிட்டார்! ஆறாம் நாள் ஒரு கவரை எடுத்துக்கொண்டு வந்தார். தென்காசியில் காது டாக்டரிடம் சோதித்து, ரெண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வந்திருந்தார். வண்டிக்கு வைத்தியம் பார்க்க மனுஷக் காதுக்குச் சர்டிபிகேட் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான். கடையில் இருந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஒருத்தர் அந்தக் காகிதத்தை வாங்கிச் சத்தமாகவே வாசித்தார். ஒரே சிரிப்பு.

திரும்பவும் ஓட்டினேன். கண்ணாடியை இறக்கி, ஏ.சி.யை நிறுத்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மிதித்தேன். ஒன்றும் இல்லை. "சக்கரத்தைக் கழத்திப் பாத்தா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார். நாலு நட்டு, ஒரு ஜாக்கி, பத்து நிமிஷம். அவ்வளவுதான் வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. நேரம் இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர் வந்து போன பிறகு கால் மணி நேரம் பேப்பர் படித்தேன். விஷயம் திமிர்தான். ஓட்டிப் பார்த்தே இன்ன கோளாறு என்று சொல்கிறவன் என்று சுற்று வட்டாரத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. நான் கேட்டுச் சொன்ன பிறகு கழற்றிப் பார்ப்பதா? "ரிப்போர்ட் எழுதுனவர் காதுக்கு டாக்டர், நான் வண்டிக்கு டாக்டர்" என்று ஒரு வசனம் வேறு பேசினேன். டீச்சர் கவரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரி அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?"

கட்டி இழுத்து வந்த வண்டி

பதினெட்டு நாள் கழித்து டீச்சரின் தம்பி அந்த வண்டியை இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார். இலத்தூர்க் குளத்துக் கரை ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் நின்றிருக்கிறது. டீச்சர் மிதித்திருக்கிறார். பெடல் அடி வரைக்கும் போயிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. டிராக்டர் டிரெய்லரின் மூலையில் வலது பக்கம் மோதி, அவர் கை ரெண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். போர்டில் எழுதிப் பாடம் நடத்துகிறவருக்கு வலது கை போனால் பாதி உயிர்தான் மிச்சம்.

நானேதான் சக்கரத்தைக் கழற்றினேன். வெளிப் பேடு நன்றாக இருந்தது. ஊசி துருவில் இறுகிக் கிடந்தது. உள்பக்கத்துப் பேடில் பேடே இல்லை, வெறும் இரும்புத் தகடு. அது டிஸ்க்கை வரி வரியாக உழுதுவிட்டிருந்தது. பேடைத் தள்ளுகிற பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து, பிரேக் ஆயில் கசிந்திருந்தது. அந்தத் தகர நாக்கு பாதிக்கு மேல் தேய்ந்து, கழுவி வைத்த வெள்ளி மாதிரி மின்னியது. வாரக்கணக்கில் கத்திக் கத்தித் தேய்ந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். என்னைக் கேள்வி கேட்கப் போகிறார் என்று டீச்சரின் தம்பியை நிமிர்ந்து பார்த்தேன். வைதால்கூடத் தேவலை என்று இருந்தது. அவரோ தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"அக்கா இந்த வண்டியை ஒங்ககிட்ட தவிர வேற யார்ட்டயும் விடமாட்டா. அதான் ஒங்ககிட்டயே கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி."

இசக்கி வாய் திறந்தது

தம்பி போன பிறகு இசக்கியிடம், "இது கத்தியிருக்கணும்லே! நான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தேன், கத்தவே இல்லலே!" என்று புலம்பினேன். அவன், பேடு மாற்றுவதற்காக வந்து நின்ற ஒரு டாக்ஸியின் சாவியை எடுத்தான். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். கடைத்தெருவில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை மிதித்தான். "கேக்கா அண்ணாச்சி?" இல்லை என்றேன். மறுபடியும் மிதித்தான். இல்லை. மூன்றாவது தடவை ரோட்டோரம் படுத்திருந்த நாய் காதை விடைத்துக்கொண்டு எழுந்து ஓடியது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் ஊர் அமைதியாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது அவன் மேல் கோபம்தான். சட்டையைப் பிடித்துவிட்டேன். "தெரிஞ்சும் ஏம்லே சொல்லல? எத்தனை வருசமாலே?" என்று கத்தினேன். அவன் கண் கலங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே கழற்றிப் பார்க்கிற அவன் பழக்கத்துக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"ஊரே ஒங்க காதைப் பத்திப் பெருமையாப் பேசுது, நான் எப்படி அண்ணாச்சி சொல்ல? மூணு வருசமா நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்ன வண்டியை எல்லாம் நான் கழத்திப் பாத்துட்டுதான் விட்டேன். கொடைக்குப் போன அந்தப் பத்து நாளுதான் பாக்கல."

கோடு

டீச்சர் போன அதே டாக்டரிடம் போனேன். காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாக, வெளியே மெஷினை இயக்குகிற பெண்ணைப் பார்த்தேன். அவள் விடாமல் திருகிக்கொண்டே இருந்தாள். அப்போதே புரிந்துவிட்டது. டாக்டர் காகிதத்தைக் காட்டினார். ஒரு கோடு நேராக வந்து, கடைசியில் அருவி மாதிரி கீழே விழுந்திருந்தது. இருபத்தாறு வருஷம் தகரக் கூரைக்கு அடியில் சுத்தியலும் கிரைண்டரும். பேச்சு கேட்கும், இடி கேட்கும், இன்ஜின் கேட்கும். உச்சத்தில் கீச்சிடுகிற சத்தம் மட்டும் செத்துப்போய்விட்டது, திரும்ப வராது என்றார்.

இத்தனை நாள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். அழுதுகொண்டே ஒரு மனுஷி இப்படிப் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொன்ன எதையும் இவுக கேட்டதில்ல டாக்டர். இதுல எந்தச் சத்தம் கேக்கல, எது கேக்காத மாதிரி இருக்காவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இலத்தூர் வீடு

நாலாவது தடவை டீக்கடையில் நிற்காமல் போய்விட்டேன். கோமதி டீச்சர் முன் அறையில் உட்கார்ந்திருந்தார். வலது கை கழுத்திலிருந்து தொங்குகிறது. மடியில் ஒரு நோட்டு. இடது கையால் ஒன்று, ரெண்டு, மூன்று எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி கோணல் மாணலாக ஒரு பக்கம் முழுக்க எண்கள். வாங்க அண்ணாச்சி என்று எழுந்திருக்கப் பார்த்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "ஒங்க காது சரிதான் டீச்சர். என் காதுதான் போச்சு. கேக்காதவன் கேக்கிறவங்களைப் பாத்துச் சிரிச்சுட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்று சொல்லி, டாக்டர் கொடுத்த காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். கடையைச் சுற்றி எல்லாரிடமும் சொல்லுங்கள், ஒருத்தன்கூட வராவிட்டாலும் பரவாயில்லை என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கணக்கு டீச்சர் அல்லவா, அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். எந்த இடத்திலிருந்து விழுகிறது என்று இடது விரலால் தொட்டுப் பார்த்தார். திட்டவே இல்லை. விபத்துக்கு ரெண்டு நாள் முன்னால் கீச்சு போய், கரகரவென்று பெரிதாக ஒரு சத்தம் வந்தது என்று சொன்னார். இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம் அது. கனத்த சத்தம், எனக்கு நன்றாகவே கேட்கும். இசக்கியும் அப்போது கடைக்குத் திரும்பிவிட்டான். "அன்னைக்கு வண்டியை எடுத்துட்டு வந்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேனே டீச்சர், ஏன் வரல?" என்று கேட்டே விட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் நோட்டை மூடி வைத்தார்.

"வரணும்னுதான் நெனைச்சேன் அண்ணாச்சி. சாவியைக்கூடக் கையில எடுத்துட்டேன். மறுபடியும் வந்தா எல்லாரும் சிரிப்பீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

பிரேக் பேடு தேய்ந்ததைக் கண்டுபிடிக்க நாலைந்து வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிறவனே தேய்ந்துபோனதைக் கண்டுபிடிக்கத்தான், பாருங்கள், ஒரு டீச்சருடைய கை ஒடிய வேண்டியிருந்தது.